பூனைக் கிரகங்களில் எத்தனை ஆளுக

கொடைக்கானலில் நான் வேலை பார்க்கும் கிளை நூலகத்துக்கு மழைக்காலத்தில் பேப்பர் படிக்க வருகிறவர்கள் பாதி, மழைக்கு ஒதுங்க வருகிறவர்கள் மீதி. இரண்டு கூட்டத்தையும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடவைத்துவிடுவேன். அதில் நான் கொஞ்சம் கறார். கையெழுத்துப் போடாமல் உள்ளே நுழைந்தது அந்தச் சாம்பல் நிறப் பூனை மட்டும்தான். போன புரட்டாசியில் ஒரு நாள், கழித்துக்கட்ட வேண்டிய பழைய பேப்பர்க் கட்டின் மேல் ஏறிப் படுத்தது. மறுநாள் நான் கதவைத் திறந்தபோது அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு நாலு குட்டிகள் இருந்தன. பழைய பேப்பரை ஏன் இன்னும் அனுப்பவில்லை என்று மேலிடத்திலிருந்து கேட்டார்கள். கட்டு ஈரமாக இருக்கிறது, காய்ந்ததும் அனுப்புகிறேன் என்று பதில் எழுதினேன். ஈரமாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் பிள்ளைகளுக்குக் கதை வாசிப்பது என் வழக்கம். யாரும் சொல்லிச் செய்வதில்லை. சீசன் நேரத்தில் அப்பா அம்மா எல்லாம் கடையிலும் லாட்ஜிலும் இருக்க, பிள்ளைகள் தெருவில் சுற்றுவதைப் பார்த்து நானாக ஆரம்பித்தது. ஏழெட்டுப் பேர் வருவார்கள். அதில் இரண்டு பேருக்கு வாய் அதிகம். ஒருத்தி வடகவுஞ்சியிலிருந்து வந்து சித்தி வீட்டில் தங்கிப் படிக்கிற ஒன்பது வயதுக்காரி. இன்னொருவன் பக்கத்து பேக்கரிக்காரர் மகன், அவளைவிட ஒரு வயது பெரியவன், ஆனால் அவளுக்கு அடங்கினவன். அந்தச் சனிக்கிழமை கதையை யார் கேட்டது? எல்லாரும் பேப்பர்க் கட்டைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள்.

நாலு குட்டியும் நாலு விதம். ஒன்று கரிக்கட்டை நிறம். ஒன்றுக்கு ஆரஞ்சு வரி. ஒன்றுக்கு முகத்தில் பாதி வெள்ளை, பாதி சாம்பல். நாலாவதற்கு வால் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னப் புடைப்பு மட்டும்.

"ஒரே அம்மா வயித்துல பொறந்ததுக, எப்படிக்கா நாலும் நாலு தினுசா இருக்கு?" என்று கேட்டாள் வடகவுஞ்சிக்காரி.

பூனைகளின் குடும்ப வாழ்க்கை பற்றி எனக்குத் தெரிந்த உண்மையை ஒன்பது வயதுப் பிள்ளையிடம் சொல்ல முடியாது. பேக்கரிக்காரர் மகன்தான் காப்பாற்றினான்.

"இதுக நம்மூர்ப் பூனையே இல்லக்கா. நாலும் நாலு கிரகத்துல இருந்து வந்ததுக. போற வழியில மழை பிடிச்சிருச்சு, இங்க எறங்கிருச்சுக."

இப்படித்தான் தொடங்கியது. சும்மா கிடந்த ஒரு பழைய புத்தக வழங்கல் பதிவேட்டை எடுத்துக் கொடுத்தேன். அதில் ஏற்கனவே கட்டம் போட்டிருந்தது. எண், தலைப்பு, ஆசிரியர், திருப்பிய தேதி என்று இருந்ததை அடித்துவிட்டு, கிரகம், உருவம், சாப்பாடு, பழக்கவழக்கம் என்று எழுதினோம். கட்டம் இருந்தால் நிரப்பாமல் மனிதர்களால் இருக்க முடியாது என்பது என் உத்தியோக அனுபவம். ஐப்பசி முடிவதற்குள் பதினோரு கிரகம் ஆகிவிட்டது.

ஒன்றாம் கிரகத்தில் நீளவால்காரர்கள். வால் அவ்வளவு நீளம் என்பதால் இடுப்பில் சுற்றிக்கொள்வார்கள். யார் வீட்டுக்காவது விருந்துக்குப் போனால் தன் வாலை அந்த வீட்டுக்காரர் வாலோடு முடிச்சுப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். அதுதான் மரியாதை. கிளம்பும்போது முடிச்சை அவிழ்க்க அரை மணி நேரம் ஆகும். "எங்க சித்தியும் அப்படித்தான், போயிட்டு வாறேன்னு சொல்லிட்டு வாசல்ல நின்னு ஒரு மணி நேரம் பேசும்" என்றாள் அவள். அங்கே ராஜா ஆவதற்குத் தூக்கப் போட்டி உண்டு. ஜெயித்தவருக்கு ஜெயித்தது தெரியாது, எழுப்பிச் சொல்ல யாருக்கும் துணிச்சலும் கிடையாது.

இரண்டாம் கிரகத்துப் பூனைகள் காட்டுமாட்டு அளவு. கொடைக்கானல் பிள்ளைகளுக்கு அந்த அளவு கண்ணளவாகவே தெரியும், ஏரிப் பக்கம் தினமும் பார்க்கிறதுதானே. பஜாரில் அவர்கள் நடந்து வந்தால் எல்லாரும் ஒதுங்கி வழிவிடுவார்கள். அதில் அவர்களுக்கே கூச்சம். எலியைக் கண்டால் பயம் வேறு.

மூன்றாம் கிரகம் எப்போதும் மேகத்துக்குள் கிடக்கும். அங்கே இருப்பவர்களுக்குக் கண் பேருக்குத்தான், மீசையால்தான் பார்ப்பார்கள். எதிரே ஒருவர் வந்தால் மீசையோடு மீசை தொட்டு, இவருக்குப் பசி, இவர் சந்தோஷமாக இருக்கிறார் என்று தெரிந்துகொள்வார்கள். நிறம் என்றால் என்னவென்றே அவர்களுக்குத் தெரியாது. அதனால் அங்கே ஸ்வெட்டர் கடையில் எல்லா ஸ்வெட்டரும் ஒரே நிறம்தான். யாரும் குறை சொன்னதில்லை. என்னையும் பிள்ளைகள் அந்தக் கிரகத்தில்தான் சேர்த்திருந்தார்கள். காலையில் மேகத்துக்குள் நடந்து வந்து உள்ளே நுழைந்ததும் என் மூக்குக் கண்ணாடி பூத்துப்போய்விடும். அலமாரி திறக்கச் சாவிக்கொத்தைத் தடவித் தடவித் தேடுவேன். அதை எப்போதோ பார்த்திருக்கிறார்கள்.

நாலாம் கிரகத்தில் வாலில்லாதவர்கள். இவர்கள்மேல் மற்ற கிரகத்துக்காரர்களுக்கு எல்லாம் பரிதாபம். கம்பளி நூலில் வால் பின்னிப் பார்சல் அனுப்புவார்கள். வாலில்லாதவர்கள் அதை வாங்கிக் கழுத்தில் மஃப்ளராகச் சுற்றிக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள். இதைச் சொன்னது யார் என்று எனக்கு நினைவில்லை. சொன்ன பிள்ளைக்கு அன்று இரண்டு பன் வாங்கிக் கொடுத்தேன்.

பதிவேட்டில் ‘ஆளுக’ என்று ஐந்தாவதாக ஒரு கட்டத்தை அவர்களே போட்டார்கள். யாராவது புதுப் பூனையைக் கொண்டுவந்தால் மற்ற எல்லாரும் சேர்ந்து கேட்கிற முதல் கேள்வி, "அவங்க என்ன ஆளுக?" என்பதுதான். முதல் தடவை கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு ஒரே அர்த்தம்தான், என்ன சாதி என்பது. பெட்டிக்கடையில் கேட்பார்கள், வீடு வாடகைக்குக் கேட்டுப் போனால் கேட்பார்கள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்குக் கொடுத்துவிட்டுக் கேட்பார்கள். பிள்ளைகள் பெரியவர்களிடம் கேட்டதைத்தான் சொல்கிறார்கள். கேட்கக் கூடாது என்று அதட்ட வாயெடுத்தேன். அதற்குள் ஒருவன், "பனியக் குடிக்கிற ஆளுக" என்றான். இன்னொருத்தி, "இவங்க ரெக்கை உள்ள ஆளுக, ஆனா கோழி பறக்குற ஒசரந்தான் பறப்பாங்க" என்றாள். எழுதிக்கொள் என்றுவிட்டேன்.

என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் அப்பா இலங்கையில் தேயிலைத் தோட்டத்து லயம் என்கிற வரிசை வீட்டில் பிறந்தவர். பத்து வயதில் கப்பலேறி வந்து, இந்த மலையில் குடியேற்றப்பட்டவர். யாராவது "என்ன ஆளுக?" என்று கேட்டால், "கப்பல்ல வந்த ஆளுக" என்பார். கேட்டவர் முகம் அதற்குப் பிறகும் காத்துக்கொண்டே இருக்கும். அப்பா சிரித்துக்கொண்டு போய்விடுவார். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. கல்லூரியில் படிக்கும்போது ஒரு முடிவு எடுத்தேன், இந்தக் கேள்விக்கு இனி யாருக்கும் பதில் சொல்வதில்லை, கேட்ட இடத்தில் உட்கார்ந்திருப்பதும் இல்லை என்று. அப்படி எழுந்து வந்த இடங்கள் நிறைய. அதில் இரண்டு, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் என் சொந்த வீட்டிலேயே எழுந்தது.

பிறகுதான் அவர் வந்தார். ஊர் பூம்பாறை, தொழில் கொடைக்கானல் லாட்ஜ்களில் வெந்நீர் ஹீட்டர் ரிப்பேர். பன்னிரண்டு மாதமும் வேலை இருக்கிற தொழில். வேலைக்கு நடுவில் எங்கள் நூலகத்தில் வந்து உட்கார்ந்து பயணக் கட்டுரைகளாகப் படிப்பார். இரண்டு வருஷம் பழகினோம். கேட்கவேண்டியதை எல்லாம் கேட்டிருக்கிறார், அந்த ஒன்றை மட்டும் கேட்கவில்லை. கல்யாணப் பேச்சை வீட்டில் எடுத்தபோது அவருடைய அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். எந்தக் கேள்வி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. "தெரியாது, நான் கேக்கவும் மாட்டேன்" என்றிருக்கிறார் இவர். அந்த வீட்டில் பத்து நாள் சாப்பாட்டில் உப்பே சரியில்லையாம்.

"உங்க வீட்ல யாராவது என்னைய அதைக் கேட்டாங்கன்னா நான் எந்திரிச்சிருவேன். அதோட சரி" என்று அவரிடம் சொல்லியிருந்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு வீட்டில் வந்து அழுதேன் என்பதும் உண்மை.

கார்த்திகை முதல் சனிக்கிழமை, தலையில் மங்கி கேப்பும் தோளில் துண்டுமாக ஒரு பெரியவர் நூலகத்துக்கு வந்தார். நல்ல உயரம், நல்ல அகலம். பதிவேட்டில் ஊர் என்ற கட்டத்தில் பூம்பாறை என்று எழுதினார். கேப்பைக் கழற்றினார். காதைப் பார்த்தேன். மேல் நுனி கொஞ்சம் மடங்கின காது. அந்தக் காதை நான் இரண்டு வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். யார் வந்திருக்கிறார், யார் அனுப்பி, எதைத் தெரிந்துகொண்டு போக என்பது எல்லாம் ஒரே நொடியில் புரிந்துவிட்டது. எனக்குப் புரிந்தது அவருக்குத் தெரியாது. பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தை ஒன்றரை மணி நேரம் படித்தார். அந்தப் பக்கத்தில் முழுப் பக்க நகைக்கடை விளம்பரம் தவிர வேறெதுவும் இல்லை.

அவருக்குக் கேட்க வரவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. இரண்டு தடவை எழுந்து என் மேசை வரை வந்தார். ஒரு தடவை மணி கேட்டார், இன்னொரு தடவை கழிப்பறை எங்கே என்று கேட்டார். நானும் சளைக்காமல் பதில் சொன்னேன். கடைசியில் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமையும் வந்தார். அன்று பிள்ளைகள் ஒன்பதாம் கிரகத்து மீன்களைப் பற்றிச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏலே, அங்க வெள்ளாமை என்ன?"

பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். "பூனைகளுக்கு எதுக்கு தாத்தா வெள்ளாமை? மீனுதான்" என்றான் பேக்கரிக்காரர் மகன்.

"மீனு சரி. பூண்டு இல்லாம மீன் குழம்பா? வெவரங்கெட்ட கிரகமால்ல கெடக்கு" என்று பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தார். மண்டியிட்டுத் தரையில் உட்கார்ந்தார். சரிவில் எப்படிப் படி வெட்டுவது, தண்ணீர் எந்தப் பக்கம் வடிய வேண்டும், பூண்டை எப்போது பிடுங்கிக் கட்டித் தொங்கவிடுவது என்று ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்தார். பூனைக்குக் கை கிடையாது, நகம்தான் என்று வடகவுஞ்சிக்காரி ஞாபகப்படுத்தினாள். "நகம்னா ரொம்ப நல்லது தாயி, களைக்கொத்தே வேண்டியதில்ல" என்றார். ஒன்பதாம் கிரகம் அன்று முழுக்கப் படிப்படியாகப் பூண்டு வயலாகிவிட்டது. வந்த சோலியை மறந்துவிட்டு ஓடி பஸ்ஸைப் பிடித்தார். அவர் போன பிறகு நான் அலமாரிக்குப் பின்னால் போய்ச் சிரித்தேன். பயமும் இருந்தது. பிடித்துப்போன மனிதர் அந்தக் கேள்வியைக் கேட்டால் எழுந்து போவது இன்னும் கஷ்டம்.

மூன்றாவது சனிக்கிழமை அவர் முகமே சரியில்லை. வீட்டில் சூடு பட்டுவிட்டு வந்திருக்கிறார் என்று தெரிந்தது. அன்று பார்த்துப் பிள்ளைகளிடையே ஒரு பெரிய சண்டை. ஒன்றாம் கிரகத்து நீளவால் பெண்ணும் நாலாம் கிரகத்து வாலில்லாத மாப்பிள்ளையும் கல்யாணம் கட்டிக்கொள்ளலாமா?

"பொறக்குற புள்ளைக்கு வால் வருமா வராதா?" என்றாள் ஒருத்தி.

"பாதி வால் வரும்" என்றான் பேக்கரிக்காரர் மகன்.

"விருந்துக்குப் போனா முடிச்சுப் போட வால் வேணும்ல?"

"வால் இல்லாட்டி என்ன, முன்னங்காலப் பிடிச்சுக்கிறட்டும். கெளம்பும்போது வெரசாக் கெளம்பலாம்" என்று வடகவுஞ்சிக்காரி தீர்ப்புச் சொன்னாள். அப்படியே பதிவேட்டில் ஏறியது.

பெரியவர் பேப்பரைப் பிரிக்கவே இல்லை. நேராக என் மேசைக்கு வந்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஏம்மா, கேக்குறேன்னு தப்பா நினைக்காதீங்க. நீங்க என்ன ஆளுக?"

எனக்குக் காது இரண்டும் சுட்டது. கோபம்தான். இந்த மனிதரா என்ற வருத்தம் அதைவிடப் பெரிதாக வந்தது. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தேன். கையில் சாவிக்கொத்தை எடுத்தது வரைக்கும் நினைவிருக்கிறது.

"அக்காவா? அக்கா மூணாம் கிரகம்!" என்று தரையிலிருந்து ஒரு சத்தம்.

வடகவுஞ்சிக்காரி பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். அவள் பின்னால் எல்லாரும். இத்தனை நாள் பூனைகளைக் கேட்ட கேள்வியை இன்றைக்குத்தான் ஒரு பெரியவர் ஒழுங்காகக் கேட்கிறார் என்று அவர்களுக்கு ஒரே சந்தோஷம். பக்கத்தைப் புரட்டி அவர் மூக்குக்கு நேரே பிடித்தாள்.

"மீசையால பாக்குற ஆளுக தாத்தா. நெறம் தெரியாது. யாராச்சும் பசியா இருந்தா ஒடனே கண்டுபிடிச்சிருவாங்க. அக்காவும் அப்படித்தான், எங்களுக்குப் பசிச்சா சொல்லாமலே பன் வாங்கித் தரும்."

அவர் பக்கத்தைப் பார்த்தார். எழுந்து நிற்கிற என்னைப் பார்த்தார். சாவிக்கொத்தையும் பார்த்தார்.

"மூணாம் கிரகமா?" என்றார்.

"ஆமாங்கய்யா" என்றேன். என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று தெரியவில்லை. அந்தக் கேள்விக்கு நான் பதில் சொன்னதே அன்றைக்குத்தான்.

"தாத்தா, நீங்க என்ன ஆளுக?" என்று பேக்கரிக்காரர் மகன் கேட்டான்.

அவர் பதில் சொல்வதற்குள் அவரைச் சுற்றி வந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்தி உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். இன்னொருவன் அவர் உயரத்தை அலமாரித் தட்டோடு வைத்து அளந்தான். ரெண்டாம் கிரகம், காட்டுமாட்டு அளவு ஆளுக என்று முடிவாயிற்று. ஆனால் ஒரு சோதனை பாக்கி. "எலியக் கண்டா ஒங்களுக்குப் பயமா?"

"பயமாவா? மூட்டையில இருக்க பூண்டையெல்லாம் கொதறிப்புடுதே. எலின்னு சொன்னாலே எனக்கு வயித்தக் கலக்கும் தாயி."

கைதட்டிச் சேர்த்துக்கொண்டார்கள். அந்த வரிக்கு நேரே அவரே கையெழுத்துப் போட்டார், வருகைப் பதிவேட்டில் போட்டதைவிட அழகாக.

ஐந்து மணிக்குப் பிள்ளைகள் போனார்கள். அவர் போகவில்லை. நூலகத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். இப்போது மறுபடி கேட்பார் என்று நான் உட்காராமலே நின்றேன். அவர் கேப்பைப் போட்டு, காது இரண்டையும் உள்ளே தள்ளி, குடையை உதறினார்.

"நான் யாருன்னு தெரியுமாம்மா?"

"மொத நாளே தெரியுங்கய்யா. காதைப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு."

கேப்புக்கு மேலாகவே காதைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "அப்ப நகைக்கடை வெளம்பரத்த நான் படிச்சதையும் பாத்துட்டீங்க" என்றார். பிறகு, "பஸ்ஸு போயிரும்மா, வாறேன்" என்று மழையில் இறங்கிவிட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. அது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் நான் வீடு வந்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே பெரியவரின் மகன் எனக்குப் போன் பண்ணினார். சிரிப்பு அடங்காமல் பாதி வார்த்தை புரியவில்லை. மெதுவாகச் சொல்லுங்கள் என்று அதட்டிய பிறகுதான் ஒழுங்காகச் சொன்னார்.

"அப்பா நேத்து வந்து எறங்குனதும் அம்மா கேட்டுச்சு, போன சோலி என்னாச்சு, பொண்ணு என்ன ஆளுகளாம்னு. அத்தையும் பக்கத்துலதான் உக்காந்து பூண்டு உரிச்சுக்கிட்டு இருந்துச்சு. அப்பா குடையை ஆணியில மாட்டிக்கிட்டே, மூணாம் கிரகமாம்னு சொன்னாரு."

"அய்யோ. அதுக்கு?"

"அம்மா, ‘மூணாறா? அம்புட்டுத் தூரமா?'ன்னு கேட்டுச்சு. ‘அதுக்கும் அங்கிட்டு. பஸ்ஸு போகும். வர்ற வெள்ளிக்கெழம எல்லாரும் போறோம், தட்டுக்குப் பூ சொல்லி வையி'ன்னுட்டுக் கை கழுவ வெளிய போயிட்டாரு."

நான் போனைக் காதில் வைத்தபடியே அப்பாவைக் கூப்பிட்டேன். தெருவுக்கே கேட்டிருக்கும். அப்பா பயந்துபோய் ஓடி வந்தார்.

வெள்ளிக்கிழமை இரண்டு ஜீப் நிறைய வந்தார்கள். எங்கள் வீட்டு வரிசைக்கே தேநீர் போட்டோம். அவருடைய அத்தை, பூண்டு உரித்துக்கொண்டிருந்த அதே அத்தை, சுவரில் இருந்த படங்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "மூணாறுல சொந்தக்காரங்க நெறையவோ?" என்று என் அப்பாவிடம் கேட்டார். அப்பா வாயைத் திறப்பதற்குள் பெரியவர் அத்தைக்கு இன்னொரு கேசரித் தட்டை நீட்டினார். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் உறுத்தல். பாவம், இந்த அம்மாவை ஏமாற்றித்தானே இது நடக்கிறது, என்றைக்காவது தெரிந்தால் என்ன ஆகும் என்று பூ வைக்க வந்து என் முன்னால் உட்கார்ந்த அவருடைய அம்மாவின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

அவர் என் தலையைக் கொஞ்சம் குனியச் சொன்னார். பூவைச் சொருகிக்கொண்டே, என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"எனக்குக் காது நல்லாத்தான் கேக்கும் ஆத்தா. அன்னிக்குக் கிரகம்னுதான் கேட்டுச்சு. நாத்தனா பக்கத்துல உக்காந்திருந்தா, அதான் மூணாறுன்னேன்."